காற்றை எடை போட்டவர், கடவுளைத் தேடியவர்



எண்ணெய் நிலையத்தில் காடிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். 200, 220 என்று அதில் எண்கள் ஓடும். அந்த எண்கள் 'கிலோபாஸ்கல்' கணக்கில் வருபவை. வானிலை அறிக்கையிலும் காற்றழுத்தத்தை 'ஹெக்டோபாஸ்கல்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். பாஸ்கல் என்பது ஒரு மனிதரின் பெயர். 1971-ஆம் ஆண்டில் உலக அளவைகளை வகுக்கும் அறிஞர்கள் கூடி, அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

பிளேய்ஸ் பாஸ்கல் என்பது அவருடைய முழுப் பெயர். பிரெஞ்சு நாட்டவர். அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள் மட்டுமே. அதற்குள் கணக்குப் போடும் இயந்திரம் செய்தார். காற்றுக்கு எடை உண்டு என்பதை மலையேறச் செய்து மெய்ப்பித்தார். நிகழ்தகவு என்னும் கணிதத்துக்கு வித்திட்டார். அவர் இறந்த பிறகு அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. பணியாள் தையலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு தோல் ஏடும் ஒரு தாளும் இருந்தன. அவற்றில் கணிதச் சூத்திரம் எதுவும் இல்லை. இறைவனை உணர்ந்த ஓர் இரவைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு இருந்தது.

இப்படிப்பட்டவரைப் பற்றி இந்த முறை எழுதக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. ஐந்தாம் படிவத்தில் அறிவியல் படிக்கும் மகன், தாயார் விளக்கேற்றும் நேரத்தில், "இதெல்லாம் எதற்கம்மா?" என்கிறான். "படிக்க வைத்தது வினையாகப் போயிற்று" என்று அந்தத் தாய் கலங்குகிறார். இன்னொரு வீட்டில் தகப்பனார் கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டி, "பார்த்தாயா, விஞ்ஞானிகளே நம் சமயத்தை ஒப்புக்கொண்டு விட்டார்களாம்!" என்கிறார். மகள் சிரித்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். இரண்டு வீட்டிலும் மனக்கசப்புதான் மிச்சம். இந்த வழக்கை 350 ஆண்டுகளுக்கும் முன்பே தமக்குள் நடத்திப் பார்த்தவர் பாஸ்கல்.

கரித்துண்டும் முக்கோணமும்

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். அக்காள் ஜில்பெர்த், தங்கை ஜாக்குலின், இவர் ஆகிய மூவரையும் தந்தையே வளர்த்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உயர்ந்த பதவி வகித்தவர், கணிதத்தில் தேர்ந்தவர். 1631-இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே பாடம் சொன்னார்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மொழிகளை முதலில் கற்க வேண்டும். கணிதத்தின் சுவை தெரிந்துவிட்டால் பிள்ளை வேறு எதையும் நாடமாட்டான். ஆகவே பதினைந்து பதினாறு வயது வரை கணிதமே கூடாது. கணித நூல்களைப் பூட்டி வைத்தார். பூட்டி வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் எந்தப் பிள்ளைக்குத்தான் வராது? "வடிவ கணிதம் என்றால் என்ன அப்பா?" என்று ஒரு நாள் சிறுவன் கேட்டான். வடிவங்களைச் சரியாக வரைந்து, அவற்றுக்குள் உள்ள பொருத்தங்களைக் கண்டறியும் கலை என்று மட்டும் தந்தை சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அதுவே போதுமானதாக இருந்தது. விளையாட்டு நேரத்தில் சிறுவன் கரித்துண்டால் தரையில் கோடு போடத் தொடங்கினான். வட்டத்துக்கும் கோட்டுக்கும் முறையான பெயர்கூடத் தெரியாமல், தானாகப் பெயர் வைத்துக்கொண்டான். ஒரு நாள் தந்தை உள்ளே வந்து பார்த்தபோது, முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் வரும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகவே நிறுவிக்கொண்டிருந்தான். யூக்ளிட் எழுதிய முதல் புத்தகத்தின் 32-ஆம் தேற்றம் அது! தந்தை பேச்சற்றுப் போனார். நண்பர் வீட்டுக்குச் சென்று கண்ணீர் வடித்தார். அதன் பிறகு கணித நூல்களின் பூட்டு திறந்தது. இந்தச் செய்தியை எழுதி வைத்தவர் அக்காள் ஜில்பெர்த்.

1640-இல் குடும்பம் ரூவான் நகருக்குப் போயிற்று. அங்கே தந்தைக்கு வரிக் கணக்கு வேலை. இரவு வெகுநேரம் கூட்டிக் கழித்து அவர் அயர்ந்து போவதை மகன் கண்டான். அக்காலப் பிரெஞ்சு நாணயத்தில் 12 சிறுகாசு ஒரு 'சோல்'. 20 சோல் ஒரு 'லீவர்'. பழைய பவுன், சில்லிங், பென்ஸ் கணக்குப் பார்த்த பெரியவர்களுக்கு இதன் தொல்லை புரியும். 1642-இல் தம் 19-ஆம் வயதில் பாஸ்கல் ஒரு கணக்கு இயந்திரம் செய்யத் தொடங்கினார். பற்சக்கரம் ஒன்று முழுச்சுற்று வந்ததும் அடுத்த சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும்; கையில் மிச்சம் வைத்துக் கூட்டும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். ஏறத்தாழ ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகே மனநிறைவு கொண்டார். விலை மிகுதியானதால் அது பெரிதாக விற்பனை ஆகவில்லை. ஆனாலும் தந்தையின் களைப்பைப் பார்த்த மகனின் கை வேலை, கணினியின் முன்னோர் வரிசையில் இடம் பிடித்துவிட்டது. 1970-இல் கணினிக்காக அமைந்த ஒரு நிரல்மொழிக்கு 'பாஸ்கல்' என்று பெயரிட்டதும் இந்த நன்றிக்காகத்தான்.

மலையேறிய பாதரசம்

இனி அவருடைய புகழ்பெற்ற சோதனைக்கு வருவோம். வெற்றிடம் என்பது உலகில் இருக்கவே முடியாது, இயற்கை அதை வெறுக்கிறது என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அறிஞர்கள் சொல்லி வந்தார்கள். இத்தாலியில் டாரிசெல்லி ஒரு புதுமையைக் கண்டார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் ஓரளவு இறங்கி, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. மேலே காலியிடம்! நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் காற்றின் எடைதான் கிண்ணத்தை அழுத்திப் பாதரசத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று டாரிசெல்லி 1644-இல் எழுதினார்.

கேட்க நன்றாக இருக்கிறது. உண்மைதானா? பாஸ்கலின் மூளை ஒரு வழி கண்டது. காற்றின் எடையே காரணம் என்றால், மலை உச்சியில் நமக்கு மேலே உள்ள காற்று குறைவு. அங்கே பாதரசம் தாழ வேண்டும். இயற்கையின் வெறுப்பே காரணம் என்றால், அடிவாரத்தில் ஒரு வெறுப்பும் உச்சியில் வேறொரு வெறுப்புமா இயற்கைக்கு இருக்கும்? கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நம் காது அடைத்துக்கொள்வதும் மேலே காற்றழுத்தம் குறைவதால்தான். அதைப் பாதரசத்தால் அளந்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

பாஸ்கலின் உடல் நலிவானது. ஆகவே கிளேர்மோனில் வாழ்ந்த அக்காள் கணவர் புளோரேன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். ஊருக்கு அருகில் 1,465 மீட்டர் உயரமுள்ள 'புயி த தோம்' என்ற மலை இருந்தது. 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் காலை, ஊரின் தாழ்வான பகுதியில் இருந்த ஒரு துறவியர் மடத்துத் தோட்டத்தில் பெரியேவும் நண்பர்களும் கூடினார்கள். இரண்டு குழாய்களிலும் பாதரசம் ஒரே உயரத்தில், ஏறத்தாழ 71 சென்டிமீட்டரில் நின்றது. ஒரு குழாயை மடத்திலேயே விட்டு, ஒரு துறவியைக் காவல் வைத்தார்கள். பொழுதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. மற்றதைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள்.

உச்சியில் பாதரசம் 63 சென்டிமீட்டருக்கும் சற்றுக் கீழே நின்றது. எட்டரை சென்டிமீட்டர் வித்தியாசம்! அனைவரும் வியந்தார்கள். ஆனால் வியந்ததோடு நிற்கவில்லை. உச்சியில் இருந்த சிறு கோயிலுக்குள் ஒரு முறை, திறந்த வெளியில் ஒரு முறை, காற்று வீசும் இடத்தில் ஒரு முறை, மூடுபனியில் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். விடை மாறவில்லை. இறங்கி வந்து கேட்டபோது, மடத்துக் குழாயில் நாள் முழுதும் அசைவே இல்லை என்றார் காவலிருந்த துறவி. வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியிருக்கும் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கீழே கண் இமைக்காமல் காவலிருந்தவர் ஒரு துறவி. மலையேறியவர்களிலும் சமயக் குருமார் இருந்தார்கள். மறுநாள் ஊர்ப் பேராலயத்தின் கோபுரத்து அடியிலும் உச்சியிலும் இதைச் செய்து பார்க்கலாமே என்று யோசனை சொன்னவரும் அந்தப் பேராலயத்தைச் சேர்ந்த குருதான். அங்கும் சிறு வித்தியாசம் தெரிந்தது. தாம் தொழும் இறைவனுக்கு இந்தக் கண்ணாடிக் குழாயால் குறை வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

எதை யாரிடம் கேட்பது?

இந்தக் காலத்தில் பாஸ்கல் வெற்றிடம் பற்றிய நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். அதில் அவர் சொன்ன கருத்து, நாம் முதலில் பார்த்த வீட்டு வழக்குக்கு நேரடியாகப் பொருந்தும். அறிவு இருவகைப்படும் என்றார். ஓர் அரசன் எந்த ஆண்டு ஆண்டான், ஒரு மறைநூலில் என்ன எழுதியிருக்கிறது என்பன போன்றவற்றுக்கு நூல்களையும் முன்னோரையும்தான் கேட்க வேண்டும். காற்றுக்கு எடை உண்டா என்று அறிய முன்னோரைக் கேட்டுப் பயனில்லை. சோதனையைத்தான் கேட்க வேண்டும். தேனீ ஆயிரம் ஆண்டுக்கு முன் கட்டிய அறையைத்தான் இன்றும் கட்டுகிறது. மனிதனோ தலைமுறைக்குத் தலைமுறை கற்றுக்கொண்டே போகிறான். ஆகவே, மனித இனம் முழுவதும் சாகாமல் வாழ்ந்து படித்துக்கொண்டே இருக்கும் ஒரே மனிதனைப் போன்றது. அப்படிப் பார்த்தால் முன்னோர்தாம் இளையவர், நாம்தாம் வயதில் மூத்தவர் என்றும் அவர் விளக்கினார்.

இதைச் சொன்னவர் சமயத்தை மதிக்காதவர் அல்லர். 1646-இல் தந்தை பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு அடிபட்டபோது மருத்துவம் பார்க்க வந்த இரு சகோதரர்களின் வழியாக, இவர்கள் குடும்பமே ஆழ்ந்த கிறிஸ்துவப் பற்றில் இறங்கிவிட்டது. 'போர் ருவாயால்' என்னும் கன்னியர் மடத்தைச் சார்ந்த சீர்திருத்தக் குழுவோடு அவர்களுக்கு உறவு ஏற்பட்டது. பின்னாளில் அந்தக் குழுவினர் மீது பழி வந்தபோது பாஸ்கல் புனைபெயரில் 18 கடிதங்களை வெளியிட்டு வாதாடினார். 1656, 1657 ஆகிய ஆண்டுகளில் வந்த அக்கடிதங்களை நாடே தேடிப் படித்தது. அரசு ஆணையால் அவை பின்னர் எரிக்கப்பட்டன.

கடைசிக் கடிதத்தில் அவர் கலிலியோவை நினைவூட்டுகிறார். 1633-இல் ரோமாபுரியில் கலிலியோவைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பினால் பூமி நின்றுவிடாது, பூமி சுற்றுவது உண்மையானால் உலக மக்கள் எல்லாரும் சேர்ந்தாலும் அதைத் தடுக்க முடியாது, அதோடு சேர்ந்து தாங்களும் சுற்றத்தான் வேண்டும் என்று எழுதினார். திருச்சபையின் மீது உயிரையே வைத்திருந்த ஒருவர், தம் சபைக்கே இதை எடுத்துச் சொன்னார்! கண்ணால் கண்டு தீர்க்க வேண்டியதைக் கண்ணிடம் விட வேண்டும், கணக்கால் தீர்க்க வேண்டியதை அறிவிடம் விட வேண்டும் என்பது அவர் துணிபு.

ஆகவே, 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று ஆதாரமில்லாத செய்தியைப் பரப்பும் தகப்பனார் பாஸ்கலிடம் பாராட்டுப் பெறமாட்டார். பொய்யைத் தூணாக வைத்துக் கோயில் கட்டினால், அந்தத் தூண் சாயும் நாளில் பிள்ளை கோயிலையும் சேர்த்தே வெறுப்பான்.

மகன் முழு வெற்றி பெற்றுவிட்டான் என்றும் எண்ண வேண்டாம். அவனுக்கும் பாஸ்கலிடம் பாடம் உண்டு.

சூதாட்டமும் பந்தயமும்

1654-இல் சூதாடும் நண்பர் ஒருவர் பாஸ்கலிடம் ஒரு புதிர் கொண்டுவந்தார். இருவர் ஆளுக்கு 32 காசு வைத்து ஆடுகிறார்கள். யார் முதலில் மூன்று ஆட்டம் வெல்கிறாரோ அவருக்கு 64 காசும். ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஓர் ஆட்டமும் வென்ற நிலையில் விளையாட்டு நின்றுவிட்டால் பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் சொன்ன விடை எளிமையானது. அடுத்த ஆட்டம் நடந்தால் என்ன ஆகும்? முன்னணியில் இருப்பவர் வென்றால் 64 காசும் அவருக்கு. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆக, வென்றாலும் தோற்றாலும் 32 காசு அவருக்கு உறுதி. எஞ்சிய 32 காசில் இருவருக்கும் சம வாய்ப்பு, ஆளுக்கு 16. எனவே ஒருவருக்கு 48, மற்றவருக்கு 16. இந்தப் புதிரைப் பற்றிப் பாஸ்கலும் துலூஸ் நகரத்து நீதிபதி பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. இன்று காப்புறுதிக் கட்டணத்தைக் கணக்கிடுவதும் மழை வாய்ப்பைச் சொல்வதும் அதன் வழியில்தான்.

அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவு, பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து அரை மணி வரை, அவருக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. நெருப்பு என்று ஒரே சொல்லில் அதைக் குறித்து வைத்தார். தத்துவவாதிகள் வாதத்தால் நிறுவும் கடவுளைத் தாம் காணவில்லை, முன்னோர் வழிபட்ட உயிருள்ள இறைவனையே உணர்ந்தோம் என்பது அந்தக் குறிப்பின் சாரம். எவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அங்கி மாற்றும்போதெல்லாம் பிரித்துப் புதிய அங்கியில் தைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் நெஞ்சருகே சுமந்திருந்தார்.

அதன் பிறகு சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுத விரும்பித் துண்டுத் துண்டாகக் குறிப்புகள் எழுதினார். நூல் முடியவில்லை. அவர் மறைந்த பிறகு 1670-இல் அந்தக் குறிப்புகள் 'சிந்தனைகள்' என்னும் பொருள்படும் 'பொன்சே' என்ற பெயரில் வெளிவந்தன. அதில் உள்ள பந்தய வாதத்தைப் பலர் கேட்டிருக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் வாழ்ந்துதான் ஆக வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் பந்தயம் கட்டித்தான் ஆக வேண்டும். உண்டு என்று வாழ்ந்து, உண்மையிலேயே இருந்துவிட்டால் கிடைப்பது அளவற்றது; இல்லாமற் போனால் இழப்பது சிறிது என்பது அந்த வாதம்.

இதற்கு மறுப்பும் உண்டு. பல சமயங்கள் இருக்க, எந்தப் பக்கம் பந்தயம் கட்டுவது? லாபத்துக்காகக் கும்பிடுவது கும்பிடுதல் ஆகுமா? நியாயமான கேள்விகள்தாம். பாஸ்கலே இந்த வாதத்தைத் தம் நம்பிக்கைக்கு அடித்தளமாக வைத்துக்கொள்ளவில்லை. சூதாட்டக் கணக்கு மட்டுமே புரிந்த நண்பர்களிடம் அவர்கள் பாஷையில் பேசினார். வாதத்தில் தோற்பதால் எவருக்கும் பக்தி வந்துவிடாது என்பதை அவர் அறிவார். நம்ப முடியவில்லையே என்பவனுக்கு அவர் சொன்ன வழி, நம்புகிறவர்கள் வாழ்வதுபோல் வாழ்ந்து பார், ஆசைகளைக் குறைத்துப் பார் என்பதே.

அறிவின் எல்லையை அறிவதும் அறிவின் வேலை என்று அவர் கருதினார். நாணலைப் போல் மனிதன் மெலிந்தவன். ஒரு துளி நீர் போதும், அவனைக் கொல்ல. ஆனால் தான் சாகப்போவது அவனுக்குத் தெரியும். அவனைக் கொல்லும் அண்டத்துக்கோ ஒன்றும் தெரியாது. அதனால் அவனே உயர்ந்தவன் என்றார். இன்னொன்றும் சொன்னார். நாம் ஏன் எப்போதும் ஏதாவது ஒரு கேளிக்கையைத் தேடி ஓடுகிறோம்? தனி அறையில் சும்மா இருந்தால் நம் நிலைமை நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அஞ்சித்தான் ஓடுகிறோம் என்றார். அரசனைச் சுற்றி வேடிக்கை காட்டுகிறவர்கள் எப்போதும் நிற்பதற்கும் அதுவே காரணமாம். கைப்பேசியை ஐந்து நிமிடம் கீழே வைக்க முடியாமல் தவிக்கும் நம்மைக் காணாமலேயே அவர் கண்டிருக்கிறார்!

அறிவியல் படிக்கும் மகன் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். காற்றழுத்தமானி காற்றை அளக்கும். தாயார் எதற்காக அந்த விளக்கின் முன் ஒரு நிமிடம் கண்மூடி நிற்கிறார் என்பதை அளக்க அதற்கு வழியில்லை. அளக்க முடியாத ஒன்று இல்லவே இல்லை என்று அந்தக் கருவி சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் கருவிக்கு இல்லாத அதிகாரத்தைத் தானாகக் கொடுக்கிறான்.

ஐந்து சோல் வண்டி

பாஸ்கல் குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1651-இல் தந்தை இறந்ததும் தங்கை ஜாக்குலின் கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். பாஸ்கல் தடுத்தார், அவர் பங்குச் சொத்தை மடத்துக்குக் கொடுப்பதிலும் மனத்தாங்கல் காட்டினார். பிறகுதான் இறங்கி வந்தார். பின்னாளில் முள் பதித்த இரும்புப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மனத்தில் செருக்கு எழும்போதெல்லாம் முழங்கையால் இடித்துக்கொள்வாராம். நோயாளியான மனிதர் தம்மை அப்படி வருத்திக்கொண்டது பலருக்கு ஏற்காது. எனக்கும் ஏற்கவில்லை.

ஆனால் அவருடைய சமயக் கருத்துகளில் உயர்ந்தது ஒன்று உண்டு. உலகில் மூன்று படிகள் இருப்பதாக அவர் கண்டார். செல்வமும் படைபலமும் முதற்படி. அறிவு அதற்கு மேற்படி. உலகத்துப் பொருள்களையெல்லாம் குவித்தாலும் ஒரு சிறு சிந்தனை பிறக்காது. அன்பு எல்லாவற்றுக்கும் மேற்படி; எல்லா அறிவையும் கூட்டினாலும் அதிலிருந்து உண்மையான அன்பின் ஓர் அசைவைக்கூடப் பிழிந்தெடுக்க முடியாது. ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகளில் ஒன்றைப் பெற்றிருந்தவர் அறிவை இரண்டாம் படியில் வைத்தார்.

அந்த மூன்றாம் படியில் ஏற அவர் முயன்றதை அவருடைய கடைசி ஆண்டு காட்டுகிறது. 1662-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிசில் ஒரு புதுமை நடந்தது. சொந்த வண்டி வைத்திருந்த செல்வர் மட்டுமே வண்டியில் போன காலம் அது. குறித்த தடத்தில், குறித்த நேரத்தில், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் புறப்படும் குதிரை வண்டிகளைப் பாஸ்கலும் அவர் நண்பர் ருவானே கோமகனும் சேர்ந்து விட்டார்கள். ஒரு வண்டியில் 8 இருக்கை. கட்டணம் 5 சோல். இன்று நாம் ஏறிப்போகும் நகரப் பேருந்துக்கு அது முன்னோடி. ஆனால் போர்வீரரும் பணியாட்களும் கூலி வேலை செய்பவரும் ஏறக்கூடாது என்று பாரிசு நீதிமன்றம் விதி போட்டுவிட்டது. சில ஆண்டுகளில் அந்த வண்டிகள் நின்றும் போயின. பாஸ்கலோ, குளிரிலும் பஞ்சத்திலும் வாடிய புளுவா வட்டாரத்து ஏழைகளுக்கு அனுப்புவதற்காக, வண்டி வருமானத்தில் தம் பங்கிலிருந்து முன்பணம் கேட்டார்.

அவர் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பம் வாடகையின்றித் தங்கியிருந்தது. குளிர்காய விறகும் அவரே கொடுத்தார். பதிலுக்கு ஒரு வேலையும் வாங்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டது. அப்போது பாஸ்கலே மிகவும் நோயுற்றிருந்தார். அவரைக் கவனிக்க நாள்தோறும் வரும் அக்காள் ஜில்பெர்த்துக்குச் சிறு பிள்ளைகள் உண்டு; அம்மை தொற்றிவிடக் கூடும். அந்த ஏழைக் குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். பாஸ்கல் இணங்கவில்லை. அம்மை கண்ட பிள்ளையை அசைப்பதைவிடத் தம்மை அசைப்பதில் ஆபத்துக் குறைவு என்று சொல்லி, ஜூன் 29-ஆம் நாள் தம் சொந்த வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். மீண்டும் தம் வீடு திரும்பவில்லை.

அங்கே தமக்கு இத்தனை பேர் பணிவிடை செய்வது அவருக்கு உறுத்தியது. ஏழை நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து தமக்குச் செய்வதையெல்லாம் அவருக்கும் செய்யுங்கள் என்று கேட்டார். முடியவில்லை. அப்படியானால், தீராத நோயுள்ள ஏழைகளுக்கான மருத்துவமனைக்குத் தம்மைத் தூக்கிச் செல்லுங்கள், அவர்கள் நடுவில் சாகிறேன் என்றார். மருத்துவர்கள் சம்மதிக்கவில்லை. 1662-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் உயிர் பிரிந்தது.

அன்பர்களே, பாஸ்கலின் சமயம் நம்மில் பலருடைய சமயம் அன்று. அவர் முடிவுகளை எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் சோதித்துப் பார்க்க வேண்டியதைச் சோதிக்க அஞ்சாத நேர்மையும், அம்மை கண்ட அண்டைப் பிள்ளைக்காக வீட்டையே விட்டுக்கொடுத்த மனமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. பிள்ளைகள் பாஸ்கலின் மலைச் சோதனையைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லட்டும். பெற்றோர் அவருடைய கடைசிக் காலத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும். இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.